500 யூனிட் வீட்டுக்கு என்ன நடந்தது?

2022 ஜூலை 18 அன்று அப்போதைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி ஒரு பட்டியலை வெளியிட்டார். தமிழ்நாட்டில் கரண்ட் பில் உயரப்போகிறது, யாருக்கு எவ்வளவு உயரும் என்பதற்கான பட்டியல். மொத்தம் 2.37 கோடி வீட்டு இணைப்புகள். அதில் 1 கோடி வீடுகள், அதாவது 42.19 சதவீதம், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் நிற்பவை. அவற்றுக்கு எதுவும் மாறாது. 200 யூனிட் வரை போகும் 63.35 லட்சம் வீடுகளுக்கு மாதம் 27.50 ரூபாய் கூடும். 300 யூனிட் என்றால் 72.50. 400 என்றால் 147.50. 500 என்றால் 297.50.

இதுவரை சரி, ஓட்டம் கூடக்கூடக் கட்டணமும் கூடுகிறது. அடுத்த வரிதான் இடிக்கிறது. 600 யூனிட் வரை ஓட்டும் 3.14 லட்சம் வீடுகளுக்குக் கூடுவது மாதம் 155 ரூபாய். 500 யூனிட் வீட்டுக்குக் கூடியதில் ஏறக்குறைய பாதி.

அச்சுப்பிழையோ என்று தோன்றும். இல்லை. பழைய கட்டணத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டினால் அதே தொகைதான் வருகிறது. அந்த உயர்வு யார் தலையில் விழுந்தது, ஏன் அங்கே விழுந்தது என்பது இந்த ஒரு வரியைப் பிடித்து இழுத்தாலே வெளியே வந்துவிடும்.

பழைய கணக்கும் புதிய கணக்கும்

2022 செப்டம்பர் வரை இருந்த முறை இது. முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். 2016 மே மாதம் ஜெயலலிதா பதவியேற்ற அன்றே கையெழுத்திட்ட உத்தரவு அது. அதற்கு மேல் வீட்டின் மொத்த ஓட்டத்தைப் பொறுத்து விலை மாறும். மொத்தம் 200க்குள் முடித்தால் 101லிருந்து 1.50 ரூபாய், நிலைக்கட்டணம் 20 ரூபாய். 200 தாண்டி 500க்குள் முடித்தால் 101 முதல் 200 வரை 2 ரூபாய், 201 முதல் 500 வரை 3 ரூபாய், நிலைக்கட்டணம் 30 ரூபாய். 500 யூனிட்டுக்கு இரண்டு மாத பில் 1,130 ரூபாய். ஒரே ஒரு யூனிட் தாண்டி 501 ஆகிவிட்டால் 101லிருந்தே விலை மாறிவிடும்: 3.50, 4.60, அப்புறம் 6.60, நிலைக்கட்டணம் 50. பில் 1,786.60. அந்த ஒரு யூனிட்டின் விலை 656.60 ரூபாய்!

தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்கள் பல ஆண்டுகள் இந்தப் பள்ளத்தின் விளிம்பில்தான் குடும்பம் நடத்தின. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கும் இ.பி. கார்டை எடுத்துப் பாருங்கள். தேதி, ரீடிங், யூனிட், தொகை, ரீடிங் எடுத்தவரின் சுருக்கெழுத்து. யூனிட் கட்டத்தில் 486, 471, 493 என்று வரிசையாக இருந்தால் அந்த வீட்டில் யாரோ ஒருவர் மாதக் கடைசியில் மீட்டரைப் பார்த்துவிட்டு ஏசியை நிறுத்தியிருக்கிறார் என்று அர்த்தம். ஒரு ஃபிரிட்ஜ், மூன்று ஃபேன், தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், கோடையில் மட்டும் ஓடும் ஒரு ஏசி: இதுதான் 500 யூனிட் வீடு. பணக்கார வீடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

2022 செப்டம்பர் 10 முதல் வந்த கட்டணத்தில் நிலைக்கட்டணம் எடுக்கப்பட்டது, நல்ல விஷயம். 500க்குள் முடித்தால் 101 முதல் 200 வரை 2.25, 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500 யூனிட் பில் 1,130லிருந்து 1,725 ஆனது. 2024 ஜூலையில் 4.83 சதவீதம் ஏறியபின் யூனிட் விலை 2.35, 4.70, 6.30 ஆகி, அதே 500 யூனிட் 1,805 ரூபாய்க்கு வந்து நின்றது.

இந்த இரண்டு ஏற்றத்தையும் சேர்த்துப் பார்த்தால் 200 யூனிட் வீட்டுக்கு உயர்வு 38 சதவீதம். 300க்கு 33. 400க்கு 42. 500க்கு 60 சதவீதம். 600 யூனிட் வீடு அப்போது 2,440 கட்டியது, பிறகு 2,880 கட்டியது, 18 சதவீதம்தான். 1,000 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு 35 சதவீதம். மிச்சம் பிடித்து 500க்குள் நின்றவர்தான் அதிக அடி வாங்கியிருக்கிறார்.

காரணம் சதி எதுவும் இல்லை. 500ல் இருந்த அந்தப் பள்ளத்தை, கட்டணத்தைத் தீர்மானிக்கும் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தூர்த்தது. ஒரு பள்ளத்தை இரண்டு விதமாகச் சமன் செய்யலாம்: மேட்டை வெட்டலாம், அல்லது பள்ளத்தை உயர்த்தலாம். வருமானம் கூட்டத்தான் இந்த வேலையே தொடங்கியது என்பதால் மேட்டை வெட்ட வழியில்லை. கீழே இருந்தவர்களின் கட்டணத்தைத்தான் மேலே தூக்கினார்கள். கட்டண வடிவமைப்பு என்ற அளவில் அது சரியான திருத்தம் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் எட்டு ஆண்டுகளில் படிப்படியாகச் செய்திருக்க வேண்டியதை ஒரே இரவில் செய்தார்கள்.

எட்டு ஆண்டு எப்படிப் போனது

மின் வாரியத்தின் கட்டண வரலாற்றில் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒழுங்குமுறை ஆணையத்தின் முதல் கட்டண உத்தரவு 2003ல். அடுத்தது 2010ல். பிறகு 2012ல் ஒன்று, 2013ல் ஒன்று, 2014 டிசம்பரில் ஒன்று. அதற்கப்புறம் வீடுகளுக்குச் சொல்லும்படியான உயர்வு 2022 வரை இல்லை. மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 நவம்பரிலேயே சொல்லிவிட்டது: ஆண்டுதோறும் கட்டணத்தைப் பரிசீலியுங்கள், வாரியம் மனு போடாவிட்டால் ஆணையம் தானாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று. கேட்டவர்கள் இல்லை.

கட்டணம் நிற்கலாம், செலவு நிற்குமா? அரசே சொன்ன கணக்கு: 2011-12ல் வாரியத்தின் கடன் 43,493 கோடி. 2021 மார்ச் 31ல் 1,59,823 கோடி. ஆண்டு வட்டி 4,588 கோடியிலிருந்து 16,511 கோடி ஆனது. இழப்புத் தொகை 18,954 கோடியிலிருந்து 1,13,266 கோடிக்குப் போனது.

கோடிகளைப் படித்தால் ஒன்றும் உறைக்காது. அந்த வட்டியை மட்டும் எடுத்து 2.37 கோடி வீட்டு இணைப்புக்கும் பிரியுங்கள். வீட்டுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 7,000 ரூபாய். 500 யூனிட் வீடு ஒரு வருடத்தில் கட்டும் மொத்த பில் 10,830. வட்டி முழுவதையும் வீடுகள் கட்டுவதில்லை, தொழிற்சாலைகளும் கடைகளும் அரசு மானியமும் சுமக்கின்றன என்பது உண்மை. ஆனாலும் இந்தச் சுமையின் பருமன் அதில் தெரியும்.

கடன் எங்கிருந்து வந்தது என்றால் மூன்று இடத்தைக் காட்டலாம்.

முதலாவது, மின்வெட்டுக் காலம். 2008ல் தொடங்கி 2012ல் உச்சத்துக்குப் போன அந்த வெட்டு கோவை, மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். ஒரு மணி நேரம் கரண்ட், ஒரு மணி நேரம் இருட்டு. சொந்த மின் நிலையங்கள் தேவைக்கேற்ப வளரவில்லை. கிடைத்த விலைக்கு வெளியே வாங்கினார்கள். வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவே இருந்த ஓட்டையைக் கடனால் அடைத்தார்கள். அன்றாடச் செலவுக்கு வாங்கிய கடன் சொத்தாக மாறாது, வட்டியாகத்தான் வளரும்.

இரண்டாவது, நீண்ட கால ஒப்பந்தங்கள். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016ல் வந்தது. வாரியம் அங்கிருந்து வாங்க ஒப்புக்கொண்ட விலை யூனிட்டுக்கு 7.01 ரூபாய், 25 ஆண்டுகளுக்கு. 2017ல் ராஜஸ்தானின் பட்லா ஏலத்தில் சூரிய மின்சாரம் 2.44 ரூபாய்க்கு வந்தது; அதே ஆண்டு தமிழ்நாட்டின் சொந்த ஏலத்திலேயே 3.47. விலை இப்படிச் சரியும் என்று 2015ல் யாருக்கும் துல்லியமாகத் தெரிந்திருக்க முடியாது என்று வாரியத்துக்காக வாதாடலாம். நானும் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விலை இறங்கிக்கொண்டிருந்த ஒரு சந்தையில் இவ்வளவு பெரிய அளவை ஒரே விலையில் 25 ஆண்டுக்குப் பூட்டியது யாருடைய முடிவோ, அதன் தவணையைக் கட்டுவது வீட்டு மீட்டரும்தான்.

மூன்றாவது, நிலக்கரி. தமிழ்நாட்டில் பழுப்பு நிலக்கரி நெய்வேலியில் உண்டு. ஆனால் வாரியத்தின் அனல் நிலையங்களுக்கு வேண்டிய கரியில் பெரும்பகுதி ஒடிசாவின் தால்சேரிலிருந்து வருகிறது. சுரங்கத்திலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகம், அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும், மேட்டூருக்கு என்றால் எண்ணூரிலிருந்து மறுபடி ரயில். ஒவ்வொரு ஏற்று இறக்குக்கும் காசு. 2022ல் உக்ரைன் போரோடு உலக நிலக்கரி விலை ஏறிக்கிடந்த நேரத்தில், இறக்குமதிக் கரியை 10 சதவீதம் கலக்கச் சொன்னது ஒன்றிய மின்துறை. அந்த வசந்தத்தில் மின் சந்தையில் யூனிட் விலை 20 ரூபாயைத் தொட்டது. மத்திய ஒழுங்குமுறை ஆணையம் ஏப்ரலில் 12 ரூபாய் என்று உச்சவரம்பு போட வேண்டியிருந்தது.

ஏற்றியே ஆக வேண்டும் என்று சொன்னவர்கள்

கட்டண உயர்வு வந்தபோது மாநில அரசு ஒன்றிய அரசைக் கைகாட்டியது, எதிர்க்கட்சி மாநில அரசைக் கைகாட்டியது. இரண்டு கையும் பாதி உண்மையைத்தான் காட்டின.

ஒன்றிய அரசின் நெருக்கடி நிஜம். 2017 ஜனவரியில் தமிழ்நாடு, மின் வாரியங்களின் கடனைச் சீரமைக்கும் ஒன்றிய அரசின் உதய் திட்டத்தில் சேர்ந்தது. முன்பு ஜெயலலிதா எதிர்த்த திட்டம் அது. வாரியக் கடனில் 22,815 கோடியை மாநில அரசு தன் கணக்குக்கு மாற்றிக்கொண்டது. பதிலுக்குக் கட்டணத்தை ஒழுங்காகத் திருத்துவதாக ஒப்புக்கொண்டது, திருத்தவில்லை. 2021ல் வந்த மின் விநியோகச் சீரமைப்புத் திட்டத்தில் நிதி வேண்டுமானால் கட்டண உத்தரவு வேண்டும் என்று நிபந்தனை. 15வது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி மாநிலம் தன் உற்பத்தி மதிப்பில் கூடுதலாக அரை சதவீதம் கடன் வாங்க வேண்டுமானாலும் மின் துறைச் சீர்திருத்தத்தைக் காட்ட வேண்டும்.

ஆனால் ஏற்றச் சொன்னவர்கள் யாரும் 500 யூனிட் வீட்டுக்கு 60 சதவீதம் ஏற்றச் சொல்லவில்லை. ஆணையம் தீர்மானிப்பது அடிப்படை விலை. அதில் யாருக்கு எவ்வளவு தள்ளுபடி என்பது மின்சாரச் சட்டம் 2003ன் 65வது பிரிவின்படி மாநில அரசு தன் பணத்தில் தரும் மானியம். முதல் 100 யூனிட் இலவசமும் அடுத்த 100 யூனிட்டின் அரை விலையும் அரசின் முடிவு. அந்த அரை விலையை 500க்குள் நிற்பவர்களுக்கு மட்டும் என்று வைத்ததும் அரசுதான்.

2022 உத்தரவு ஐந்தாண்டுக்கானது. ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசிப் புள்ளியை ஒட்டி, 6 சதவீதத்துக்கு மிகாமல், தானாக ஏறும். 2023ல் 2.18 சதவீதம், வீடுகளுக்கானதை அரசு ஏற்றது. 2025ல் 3.16 சதவீதம், அதையும் வீடுகளுக்கு அரசு ஏற்றது. நடுவில் 2024ல் மட்டும் 4.83 சதவீதம் வீடுகளின் மீது இறங்கியது. மக்களவைத் தேர்தல் முடிந்து, விக்கிரவாண்டி இடைத்தேர்தல் முடிவும் வந்து, இரண்டு நாள் கழித்து ஜூலை 15ல் அந்த உத்தரவு வெளியானது. தற்செயலாகவும் இருக்கலாம்.

மாதாமாதம் கணக்கெடுத்தால் குறையுமா?

திமுகவின் 2021 தேர்தல் அறிக்கையில் மாதாந்திரக் கணக்கீடு ஒரு வாக்குறுதி. டீக்கடை முதல் டிவி விவாதம் வரை இதைக் கேட்காத ஆள் இல்லை. ஸ்மார்ட் மீட்டர் வந்தபின் செய்வோம் என்றார்கள்; அதற்கான டெண்டர் 2024 டிசம்பரில் ரத்தானது. சரி, வந்திருந்தால் பில் குறைந்திருக்குமா?

மக்கள் மனதில் இருப்பது இது: மாதம் 250 யூனிட், அதற்கு 2024 ஜூலை ஸ்லாப் அப்படியே. முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 235, கடைசி 50க்கு 235. மொத்தம் 470, இரண்டு மாதத்துக்கு 940. இரண்டு மாதக் கணக்கின் 1,805ல் கிட்டத்தட்ட பாதி. அப்படிக் கொடுத்தால் அது கணக்கீட்டு மாற்றமாக இருக்காது, இலவச யூனிட்டை இரட்டிப்பாக்குவதாக ஆகும். செலவு அரசின் மானியக் கணக்கில் ஏறும்.

கணக்கீட்டை மட்டும் மாற்றுவதென்றால் ஸ்லாப்பும் பாதியாகும்: மாதம் 50 யூனிட் இலவசம், 250க்கு மேல் உயர் விலை. அப்போது சிலருக்கு பில் கூடும். மார்ச்சில் 180, ஏப்ரலில் ஏசி போட்டு 300 என்று ஓட்டிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதக் கணக்கில் 480 யூனிட், 1,679 ரூபாய். மாதக் கணக்கில் மார்ச்சுக்கு 493.50, ஏப்ரலுக்கு 1,440, மொத்தம் 1,933.50. இரண்டு மாதத்தைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு மாதச் சிக்கனம் இன்னொரு மாதச் செலவைத் தாங்கிக்கொள்கிறது. தனித்தனியாகப் பிரித்தால் அது போய்விடும்.

மாதாந்திரக் கணக்கீட்டுக்கு உருப்படியான நியாயம் வேறு இடத்தில் இருக்கிறது. ரீடிங் எடுப்பவர் 60வது நாளில் வராமல் 66வது நாளில் வந்தால் 500 ஓட்டும் வீடு 550 காட்டும். நாளுக்கேற்ப ஸ்லாப்பை நீட்டாதவரை பில் 2,460. அடுத்த முறை 54 நாளில் 450, பில் 1,490. நான்கு மாதத்துக்கு 3,950. சரியான நாளில் வந்திருந்தால் 3,610. யாரும் கூடுதலாக ஒரு யூனிட் கூட எரிக்காமல் 340 ரூபாய் கூடிவிட்டது. ஸ்மார்ட் மீட்டர் தீர்க்கக்கூடிய பிரச்சினை இதுதான்.

பட்டியலில் வராதவர்கள்

அமைச்சர் வாசித்த பட்டியலில் இணைப்புகள்தான் இருந்தன, குடும்பங்கள் இல்லை. சென்னையில் வாடகைக்கு இருப்பவர்களைக் கேட்டால் இந்த வித்தியாசம் புரியும். ஒரே மீட்டருக்குக் கீழே மூன்று குடித்தனம், ஆளுக்கொரு சப் மீட்டர், யூனிட்டுக்கு 8 ரூபாயோ 10 ரூபாயோ. 9 ரூபாய் என்று வைத்தால் 250 யூனிட் ஓட்டும் குடித்தனம் 2,250 ரூபாய் தருகிறது. சொந்தப் பெயரில் மீட்டர் இருந்தால் அது 470 ரூபாய் பில். இலவச 100 யூனிட் அந்தக் குடும்பத்துக்கு வந்து சேரவே இல்லை. வீட்டுக்காரரைக் கேட்டால், எல்லாம் சேர்ந்து 800 தாண்டிவிடுகிறது, எனக்கே 10 ரூபாய் ஸ்லாப் என்பார். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு.

அடுக்குமாடிகளில் பொது விளக்கு, மோட்டார், லிஃப்ட்டுக்குத் தனிக் கட்டண வகை 2022ல் வந்தது. யூனிட்டுக்கு 8 ரூபாய், அதோடு நிலைக்கட்டணம். எதிர்ப்பு கிளம்பியபின் 2023 அக்டோபரில் 10 வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 5.50 என்று குறைத்தார்கள். மற்றவர்களுக்கு மெயின்டனன்ஸ் கட்டணத்துக்குள் புகுந்து கண்ணில் படாமல் போய்விட்டது.

சிக்கனத்தின் பலனும் சமமாக இல்லை. 75 வாட் ஃபேன் மூன்று, நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 200 யூனிட். குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் 80. மிச்சம் 120 யூனிட். 600 யூனிட் வீடு இதைச் செய்தால் 480க்கு இறங்கி பில்லில் 1,201 ரூபாய் மிச்சம் பிடிக்கும். 320 யூனிட் வீடு அதையே செய்தால் 200க்கு இறங்கும், மிச்சம் 564 ரூபாய். ஃபேன் விலை இருவருக்கும் ஒன்றுதான். கூரையில் சோலார் போட 3 கிலோவாட்டுக்கு ஒன்றிய அரசு 78,000 ரூபாய் தருகிறது. கூரை சொந்தமாக இருப்பவருக்கு அது நல்ல வழி.

இன்னும் மிச்சமிருக்கும் பள்ளம்

500ல் இருந்த பள்ளம் முழுதாகத் தூர்க்கப்படவில்லை. 2024 ஜூலைக் கட்டணத்தில் 500 யூனிட் 1,805 ரூபாய் என்றால் 501 யூனிட் 2,048.40. முன்பு 656 ரூபாயாக இருந்த ஒரு யூனிட் 243 ரூபாய்க்கு வந்திருக்கிறது. இதில் 235 ரூபாய், அந்த அரை விலை மானியம் மொத்தமாக நின்றுபோவதால் வருவது.

அதை எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் என்ன செலவு? 2022 பட்டியல்படி 500க்கு மேல் ஓட்டுபவை 3.38 சதவீதம், சுமார் 8 லட்சம் வீடுகள். ஆண்டுக்கு ஆறு பில், பில்லுக்கு 235 ரூபாய். ஏறக்குறைய 113 கோடி. வாரியத்தின் 2021 வட்டிக் கணக்கில் இரண்டரை நாள் வட்டி.

ஆயிரம் யூனிட் ஓட்டுகிறவருக்கு எதற்கு மானியம் என்ற கேள்வி நியாயமானது. அப்படியானால் ஒரேயடியாக நிறுத்தாமல் 501வது யூனிட்டிலிருந்து யூனிட்டுக்கு 2.35 வீதம் திரும்ப எடுக்கலாம். 600வது யூனிட்டில் கணக்கு நேராகிவிடும். 510ல் நின்ற வீடு பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய் கூடுதலாகக் கட்டுவதற்குப் பதில் 107.50 கட்டும். 3.14 லட்சம் வீடுகள்தான் இந்த இடைவெளியில் இருக்கின்றன என்பதால் அரசுக்கு ஆண்டுச் செலவு 22 கோடி அளவில் முடியும். ஆணையத்துக்கு மனு வேண்டாம், விசாரணை வேண்டாம். மானியம் அரசுடையது, ஓர் அரசாணை போதும்.